நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் உருவானது. அந்த மாவட்டத்தில் மலை இருந்தது. காடு இருந்தது. திருப்பதி இருந்தது. கடல் மட்டும் இல்லை.

2022 ஏப்ரல் மாதத்தில் மாவட்டம் பிரிந்தது. திருப்பதி தனி மாவட்டம் ஆனது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்பேட்டைப் பகுதி அதனுடன் சேர்ந்தது. அப்படித்தான் திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடைத்தது. கூடவே ஒரு பெரிய ஏரியும் கிடைத்தது. அதன் பெயர் பழவேற்காடு ஏரி. ஆந்திராவில் புலிகாட் ஏரி என்று சொல்கிறார்கள்.

ஏரியின் தென் முனை சென்னைக்கு வடக்கே இருக்கிறது. சென்னையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சிறு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நீளமான மணல் தீவு படுத்திருக்கிறது. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிறார்களே, அதே ஊர்தான்.

சித்தூரில் இருந்து ஒரு குடும்பம் இந்த ஏரியைப் பார்க்கப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். பாட்டிக்குத் திருப்பதி தெரியும். திருச்சானூர் தெரியும். கடல் தெரியாது.

போகும் வழி

சித்தூரில் இருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். திருப்பதியில் இருந்து காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூளூர்பேட்டைக்குப் போகலாம். அது சுமார் 100 கிலோமீட்டர். பஸ் வசதி உண்டு. காளஹஸ்தி வரை சுவர்ணமுகி ஆறும் கூடவே வருகிறது. பெயர்தான் ஆறு. ஆண்டில் பல மாதம் அதில் மணல்தான் தெரியும். ஏரியின் வட முனைக்கு அருகே அந்த ஆறு கடலில் சேர்கிறது.

நாயுடுபேட்டைக்கும் சூளூர்பேட்டைக்கும் நடுவில் நேலபட்டு என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு குளம் இருக்கிறது. குளத்துத் தண்ணீரிலேயே மரங்கள் நிற்கின்றன. மரம் முழுவதும் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன.

கூழைக்கடா பெரிய பறவை. அதன் அலகுக்குக் கீழே ஒரு தோல் பை தொங்கும். அந்தப் பையால் மீனை மொண்டு எடுக்கும். பழவேற்காடு ஏரிக்குப் பறந்து போய் மீன் தின்னும். திரும்பி வந்து குஞ்சுக்குக் கக்கிக் கொடுக்கும். குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டுத் தின்னும். பிள்ளைகள் இதைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

நேலபட்டு மக்கள் இந்தப் பறவைகளைத் தொந்தரவு செய்வது இல்லை. பறவை எச்சம் குளத்தில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. எச்சம் நல்ல உரம். பறவைக்குப் பாதுகாப்பு, வயலுக்கு எரு. இரண்டு பேருக்கும் லாபம்.

சூளூர்பேட்டையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. இந்தக் கோயிலில் கதவு சாத்தும் வழக்கம் இல்லை. பாட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரட்டும்.

தலைகீழாகத் தின்னும் பறவை

சூளூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஒரு சாலை போகிறது. அது ஏரியின் நடுவிலேயே போகிறது. சுமார் 18 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தண்ணீர். மழைக்காலம் முடிந்த பிறகு போனால் அங்கே பூநாரைகளைப் பார்க்கலாம்.

பூநாரை நாலடி உயரம் இருக்கும். கால் குச்சி போல நீளம். உடம்பு வெள்ளை. சிறகை விரித்தால் உள்ளே ரோஜா நிறம். அது சாப்பிடும் விதமே தனி. காலால் சேற்றைக் கிளறும். பிறகு தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். சேறும் தண்ணீரும் வாய்க்குள் போகும். அலகின் ஓரத்தில் சல்லடை போல ஓர் அமைப்பு இருக்கிறது. தண்ணீர் வெளியே வந்துவிடும். சின்னப் பூச்சியும் பாசியும் உள்ளே தங்கும். அந்த உணவில் உள்ள நிறம்தான் சிறகில் ஏறுகிறது. குஞ்சாக இருக்கும்போது பூநாரை சாம்பல் நிறம்தான். சரியான தீனி கிடைக்காவிட்டால் வளர்ந்த பறவையின் நிறமும் வெளுத்துப் போகும்.

இவ்வளவு உயரமான பறவை ஏரி நடுவில் எப்படி நிற்கிறது? ஏரி ஆழம் இல்லாதது. பல இடங்களில் இடுப்பளவுதான். சராசரி ஆழம் ஒரு மீட்டர். ஏரியின் நீளம் மட்டும் சுமார் 60 கிலோமீட்டர்! நம் நாட்டின் உப்புநீர் ஏரிகளில் இது இரண்டாவது பெரியது. முதல் இடம் ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு.

சாலையின் கடைசியில் ராக்கெட் தளத்தின் வாசல் இருக்கிறது. முதல் சிறிய ராக்கெட் இங்கிருந்து 1971-ஆம் ஆண்டில் கிளம்பியது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 இங்கிருந்துதான் நிலாவுக்குப் போனது. தளத்துக்குள் நினைத்தபோது போக முடியாது. ராக்கெட் விடும் நாளில் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க இடம் உண்டு. முன்பே பெயர் பதிவு செய்ய வேண்டும். தளம் வருவதற்கு முன் இந்தத் தீவில் யானாதிப் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். காட்டில் கிடைப்பதையும் ஏரியில் கிடைப்பதையும் நம்பிப் பிழைத்தார்கள். தளம் வந்தபோது அவர்கள் இடம் மாற வேண்டி வந்தது.

படகில் ஒரு பேச்சு

சூளூர்பேட்டைக்குத் தெற்கே தடா. ஆந்திரா முடியும் இடம். தடாவுக்குப் பக்கத்தில் பீமுனிவாரிபாளையம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே படகுத்துறை உண்டு. ஏரிக்குள் இறக்கம் என்று ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவில் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. அரிசி வாங்கவும் படகு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவும் படகு வேண்டும்.

நம் குடும்பமும் படகில் ஏறுகிறது. படகுக்காரர் நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறார். பாட்டி கேட்கிறார்:

"தம்பி, இவ்வளவு தண்ணி கெடக்குதே. குடிக்கலாமா?"

"ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க பெரியம்மா."

"கரிக்குதுப்பா! ஆனா ரொம்ப இல்ல. கஞ்சிக்கு உப்புப் போட்ட மாதிரி இருக்கு."

"இது மார்கழி மாசம். மழைத் தண்ணி கலந்திருக்கு. சித்திரையில வந்து நாக்குல வைங்க. துப்பிடுவீங்க."

"மழைத் தண்ணி எங்க இருந்துப்பா வருது?"

"உங்க பக்கத்துல இருந்துதான். ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி வருது. அணை நிரம்பித் திறந்தா இங்க தண்ணி நிறம் மாறும். இந்தப் பக்கம் காளங்கி ஆறு வருது."

"பிச்சாட்டூரா? என் மகளை அங்கதானே கொடுத்திருக்கு!"

படகுக்காரர் சொன்னது சரி. ஆரணியாறு பழைய சித்தூர் மாவட்டத்து மலைகளில் பிறக்கிறது. பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து ஏரியின் தென் முனையில் சேர்கிறது. காளங்கி ஆறு சூளூர்பேட்டை வழியாக வந்து சேர்கிறது. சித்தூர் ஊரில் பெய்யும் மழை மட்டும் இங்கே வராது. அது நீவா ஆற்றில் ஓடிப் பாலாற்றுக்குப் போய்விடும்.

ஏரிக்கு ஒரு வாய்

மலையில் இருந்து நல்ல தண்ணீர் வருகிறது. சரி, உப்புத் தண்ணீர் எப்படி வருகிறது?

கடலும் ஏரியும் சேரும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம். ஏரியின் வாய் என்று சொல்லலாம். பழவேற்காடு ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகத்துவாரம் இருக்கிறது. வடக்கே ராயதொருவு என்ற இடத்தில் இன்னொன்று. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். மீனவர்கள் இதை ஏற்றம், வற்றம் என்பார்கள். ஏற்றத்தில் கடல் தண்ணீர் உள்ளே வரும். வற்றத்தில் ஏரித் தண்ணீர் வெளியே போகும். ஏரி மூச்சு விடுவது போல.

இறாலுக்கு இந்த வாய் உயிர் போன்றது. வெள்ளை இறால் கடலில்தான் முட்டை போடும். குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஏற்றத்தோடு சேர்ந்து ஏரிக்குள் வரும். ஏரியில் அலை இல்லை. பெரிய மீன் குறைவு. சேற்றில் தீனி நிறைய. உப்பும் மிதமாக இருக்கிறது. அதனால் வேகமாக வளரும். சில மாதங்களில் விரல் அளவு ஆகிவிடும். பிறகு மழை வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். அங்கே முட்டை போடும். அப்படிப் போகும் வழியில்தான் மீனவர் வலை விரிக்கிறார். மடவை மீனும் ஏரியில் வளர்ந்து, முட்டை போடக் கடலுக்குத்தான் போகும். இங்கே பிடிக்கும் பெரிய நண்டு சிங்கப்பூர் வரை போகிறது.

வாய் மூடிக்கொண்டால்? இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. வெயிலில் ஏரித் தண்ணீர் வற்றும். இருக்கும் தண்ணீரில் உப்பு ஏறும். மீன் செத்து மிதக்கும். ஏரியின் வடபகுதியில் கோடையில் பல இடம் வெடித்த தரையாகக் கிடக்கிறது. மாடு மேய்கிறது. படகு தரையில் சாய்ந்து நிற்கிறது.

வாயை மூடுவது யார்? மணல். கடல் அலை கரை ஓரமாக மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரத்திலும் மணலைப் போடுகிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அந்த மணலை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வராவிட்டால் மணல் மேடாகிவிடும். மழை குறைந்த ஆண்டுகளில் மீனவர்கள் தாங்களே மண்வெட்டி எடுத்து மணலைத் தோண்டியது உண்டு. அரசும் இயந்திரம் வைத்துத் தோண்டி இருக்கிறது. அலை மறுபடியும் மணலைப் போடும்.

ஆகவே ஆற்றில் தண்ணீர் வர வேண்டும். மேலே மலைப் பக்கத்தில் ஓடையை அடைத்தால், ஆற்றில் குப்பையும் சாக்கடையும் விட்டால், அது இங்கே வலையில் தெரியும். ஆற்றைத் தடுத்து வயலுக்குப் பாய்ச்சுவது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. பிச்சாட்டூர் உழவருக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் 'கடலில் போய் வீணாகும் தண்ணீர்' என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சை ஏரிக்கரையில் நின்று சொல்ல முடியாது.

கோர்ட்டுக்குப் போன இறால்

1990-க்குப் பிறகு கடற்கரை எங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. பண்ணை என்றால் குட்டை வெட்டி, கடல் தண்ணீர் நிரப்பி, தீனி போட்டு இறால் வளர்ப்பது. வெளிநாட்டில் நல்ல விலை. ஆனால் குட்டையின் உப்பு பக்கத்து வயலில் இறங்கியது. குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. பண்ணைக் கழிவு ஏரியில் விழுந்தது.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டையும் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஏரியில் இருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. பண்ணைகள் பற்றி 2005-இல் தனிச் சட்டமும் வந்தது. தீர்ப்பு வந்தாலும் சண்டை ஓயவில்லை. ஏரியின் தெற்கே துறைமுகமும் அனல் மின் நிலையமும் வந்துவிட்டன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தார்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல் கரையை அலை அரித்துவிடும் என்பது அவர்கள் பயம்.

பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரைக்கு எங்கும் இதே கதைதான். தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. அங்கே ஜப்பான் நாட்டுக் கம்பெனிகள் பல உண்டு. அந்த ஜப்பானில், டோக்கியோ நகரத்தின் கடற்கரையும் ஒரு காலத்தில் சேறும் ஆழமில்லாத தண்ணீருமாக இருந்தது. மக்கள் அங்கே கிளிஞ்சல் பொறுக்கினார்கள். கடல்பாசி வளர்த்தார்கள். பிறகு மண்ணைக் கொட்டிக் கடலை நிரப்பினார்கள். ஆலையும் துறைமுகமும் வீடும் கட்டினார்கள். சேற்று நிலத்தில் பெரும் பகுதி போய்விட்டது. மிச்சம் இருக்கும் துண்டுகளில் ஒன்றின் பெயர் யாட்சு. அதன் பரப்பு 40 ஹெக்டேர். அதாவது 100 ஏக்கர். சுற்றிலும் வீடுகள். இரண்டு கால்வாய் வழியாக மட்டும் கடல் தண்ணீர் வந்து போகிறது. அந்த 100 ஏக்கரையும் விடாமல் பறவைகள் தேடி வருகின்றன. 1993-இல் உலக ஈரநிலப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். டோக்கியோ மக்கள் ரயில் ஏறிப் போய்ப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் பறவை காட்டுகிறார்கள்.

பழவேற்காடு ஏரி அந்த 100 ஏக்கரைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது.

கைலி போன ஊர்

ஏரியின் தென் முனையில் பழவேற்காடு ஊர் இருக்கிறது. இது தமிழ்நாடு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். டச்சுக்காரர்கள் என்றால் ஹாலந்து நாட்டு வியாபாரிகள். அவர்கள் இங்கே வந்தது துணிக்காக. நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கப்பலில் ஏற்றி இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோனார்கள். துணியைக் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றுதான் பெயர். ஊர்ப் பெயர்தான் துணிப் பெயராகி நிற்கிறது.

துணி மட்டும் போகவில்லை. மனிதர்களும் போனார்கள். பஞ்சத்தில் சாப்பாட்டுக்கு வழி இல்லாதவர்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலில் ஏற்றினார்கள். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அவர்களுக்கு இங்கே கல்லறை இல்லை. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கி இருக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் புதரும்தான்.

இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். பாட்டி ஒன்று வாங்காமல் வர மாட்டார்.

மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிறையக் கிடைக்கும். அதற்காகச் சண்டை வரக் கூடாது. எனவே சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இன்று இவர் முறை, நாளை அவர் முறை. நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரும். ஆனால் 'எல்லோருக்கும்' என்றால் முறையில் சேர்ந்த மீனவக் குடும்பங்களுக்கு மட்டும். மற்ற சாதி மக்களுக்கும் இருளருக்கும் இதில் இடம் இல்லை. இருளர் பெண்கள் வலை இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். 'பறி' என்ற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் தேடும். கிடைத்த இறால் கூடைக்குள் போகும். மணிக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் இருப்பார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம். ஜனவரியையொட்டிச் சூளூர்பேட்டையில் பறவைத் திருவிழா நடத்துவார்கள். தெலுங்கில் 'பட்சுல பண்டுக' என்று பெயர். கூட்டம் அதிகம் இருக்கும். பறவைகளை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் திருவிழா இல்லாத நாளில் காலையில் போகலாம். குடிதண்ணீர் கொண்டு போக வேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் குடிக்க முடியாது என்பதைப் பாட்டிதான் சோதித்துவிட்டாரே. பறவைகளுக்குப் பக்கத்தில் கை தட்டக் கூடாது, கல் எறியக் கூடாது. கூடு கட்டும் காலத்தில் பறவை பயந்து எழுந்தால் காக்கை முட்டையைத் தின்றுவிடும்.

படகு விஷயத்தில் அவசரம் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பழவேற்காட்டில் படகில் போனார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். ஏரி ஆழம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முகத்துவாரத்தில் அப்படி இல்லை. அங்கே ஆழமும் உண்டு, இழுப்பும் உண்டு. உயிர்காக்கும் சட்டை கொடுக்காத படகில் ஏற வேண்டாம். அனுமதி இல்லாத இடத்தில் 'அண்ணா, ஒரு சுற்று மட்டும்' என்று படகுக்காரரைக் கெஞ்ச வேண்டாம்.

சூளூர்பேட்டையில் இருந்து சென்னைக்கு மின்சார ரயில் உண்டு. பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் கிடைக்கும். ஊரில் இருந்து பாலத்தைக் கடந்து போனால் கடற்கரை. பாட்டி செருப்பைக் கழற்றி மருமகள் கையில் கொடுக்கிறார். அலை வந்து காலைத் தொடுகிறது. குனிந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்கிறார். உடனே துப்புகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.